பனி தங்காத இடம்

வணிகர் சங்கத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள்.
இருபது நிமிடம். தலைப்பு அவர்களே தந்தது:
‘மூடியிலிருந்து கோப்பை வரை.’
நாங்கள் கோப்பை எதையும் வெல்லவில்லை என்று
யாரும் அவர்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

மூடி உண்மை.
டிஸா ஆற்றங்கரையில்
ஊறுகாய் ஜாடிக்கு ஒழுகாத மூடி செய்து
காசு பார்த்தவள் நான், எதெல்கா வாமோஷி.
முதல் மூன்று வருடம் வினிகர் ஒழுகியது, கடன் ஒழுகியது;
ஒரு வியாழக்கிழமை கணவரும்
சத்தமில்லாமல் ஒழுகிப்போனார்.
நான்காம் வருடம் ரப்பர் வளையத்தை
அரை மில்லிமீட்டர் தடிப்பாக்கினேன்.
அவ்வளவுதான் என் மேதைமை.

அந்தப் பணத்தில் வாட்டர் போலோ அணியை வாங்கினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
ஏலத்தில் வேறு யாரும் கை தூக்கவில்லை;
தூக்கிய கையை இறக்க எனக்கு வெட்கம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
தெரிந்துதான் விட்டேன்: இரண்டு மீட்டர் பத்து.
தெரியாமல் போனது வேறு.
அந்த ஆட்டத்தில் கால்
தரையைத் தொடவே கூடாது.

முதல் பருவம் அணியை ஆலையைப் போல நடத்தினேன்.
ஆயிரத்தில் ஒரு மூடி பிசகினால் வரிசையை நிறுத்துகிறவள்,
தவறவிட்ட பந்துகளை எண்ணி
கோல் கீப்பர் சொங்கோரை
முப்பத்தாறு வயதில் வீட்டுக்கு அனுப்பினேன்.
கணக்கு சரியாக இருந்தது.
அடுத்த மாதம்தான் தெரிந்தது,
காலை ஐந்தரைக்கு வீடு வீடாகப் போய்
பையன்களைத் தன் பழைய வேனில்
அள்ளி வந்துகொண்டிருந்தவன் அவன் என்று.
டீசலும் அவன் காசு.
எந்த அட்டவணையிலும் அது இல்லை.
திரும்பக் கூப்பிட்டேன். வரவில்லை.
வேனை மட்டும் விற்றான், எனக்கு,
சந்தை விலைக்கு மேலே.
வாழ்க்கையில் நான் பேரம் பேசாமல் வாங்கியது
அது ஒன்றுதான்.

குளம் வேறு ஒழுகியது.
நாளுக்கு எட்டாயிரம் லிட்டர், சூடாக்கிய நீர்.
எதிரணிக்காரர்கள் இதற்கென்றே ஒரு கோஷம் வைத்திருந்தார்கள்.
சாயம் கலந்து பார்த்தோம். முக்குளிப்பவரை இறக்கினோம்.
பம்ப் பார்க்கும் தெஜோவோடு
கீழ்த்தளத்தில் தேடிக்கொண்டிருந்த ஒரு மாலை
நீருக்கடிச் சன்னல் வழியே பயிற்சியைப் பார்த்தேன்.
மேலே நீட்டிய கைகள், நடுவருக்காகக் கொஞ்சம் கண்ணியம்.
கீழே உதை, முழங்கால்,
அடுத்தவன் உடையைப் பற்றி இழுக்கும் விரல்.
அடடா, எனக்குத் தெரிந்த தொழில்தான் என்று
முதன்முறையாக நிம்மதியானேன்.

ஜனவரியில் கண்டுபிடித்தேன், தற்செயலாக.
கட்டடத்தின் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கு அப்பால்
எங்கும் வெள்ளை;
ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் பனி தங்கவில்லை.
புல் பச்சை.
அதன்மேல் ஆறு பூனைகள்,
டிக்கெட் வாங்காத கூட்டம்.
குனிந்து கை வைத்தேன். வெதுவெதுப்பு.
என் பணமெல்லாம் இங்கேதான் இருந்திருக்கிறது.

பூட்ஸைக் கழற்றிவிட்டு நின்றேன்.
ஒரு பூனை நகர்ந்து இடம் கொடுத்தது.
மற்றவை கொடுக்கவில்லை.

குழாய்க்காரரை மார்ச்சில்தான் கூப்பிட்டேன்.
இரண்டு மாத எரிவாயு. கூட்டிப் பார்க்கவில்லை.
(பார்த்தேன். சொல்ல மாட்டேன்.)

மேடையில் இதெல்லாம் வரவில்லை.
‘கசிவைக் கண்டுபிடியுங்கள், அன்றே அடையுங்கள்’ என்றேன்.
எழுதிக்கொண்டார்கள்.
முன்வரிசையில் ஒருவர் அடிக்கோடும் போட்டார்.

மறுநாள் ஐந்தரைக்கு வழக்கம்போல வேனை எடுத்தேன்.
தேவாலயத்து மேட்டில் இரண்டாவது கியர் விழாது.
பையன்கள் இறங்கித் தள்ளினார்கள்,
உறைந்த சாலையில் சறுக்கிச் சறுக்கி,
ஒருவன் தோளை ஒருவன் பிடித்துக்கொண்டு.
தரையில் அவர்களுக்கு
அவ்வளவாகப் பழக்கமில்லை.